ஜோடி சேராத காலர்

பழைய ராணுவக் கோட்டு ஒன்று கைக்கு வந்தால், சந்தைக்கு வருகிறவர்கள் முதலில் நெஞ்சைப் பார்ப்பார்கள், பதக்கம் குத்திய ஓட்டை இருக்கிறதா என்று. ஒட்டீலி க்ராமர் நெஞ்சைப் பார்க்க மாட்டாள். காலரைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, இந்தக் கோட்டு எந்த வருடம் தைத்தது, படை அடையாளமாகக் காலரின் இரு முனையிலும் தைக்கிற காலர் பட்டை எப்போது ஏறியது, யாராவது நடுவில் கை வைத்தார்களா என்று சொல்லிவிடுவாள். ஜெர்மனியில் காஸல் நகரத்துக்கு வடக்கே அந்த வட்டாரம் முழுவதும் அவளைப் போல் காலர் படிக்கத் தெரிந்தவர் யாரும் கிடையாது. இதை வேறு யாராவது சொல்லட்டும் என்று அவள் காத்திருந்ததில்லை. அவளே சொல்லுவாள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் முதலில் சொந்த நாட்டுச் சிப்பாய்கள் படுத்திருந்தார்கள், பிறகு ஜெயித்தவர்களின் சிப்பாய்கள் படுத்தார்கள். திறந்த பிறகும் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பலகை. தன் முறை வருவதற்குள் வயிற்றுப்பாடு முந்திக்கொண்டது என்பாள். அம்மா ஆற்றோரச் சாயப்பட்டறையில் வேலை செய்தாள். சிறையிலிருந்தும் போர்முனையிலிருந்தும் திரும்பி வந்த ஆண்களுக்கு உடம்பில் இருந்த ராணுவக் கோட்டைத் தவிர வேறு துணி இல்லை. அந்த நிறத்தில் யாரும் தெருவில் நடக்கக் கூடாது என்று ஜெயித்தவர்கள் உத்தரவு போட்டிருந்தார்கள். ஆகவே ஊரே தன் கோட்டுகளைக் கறுப்பாகவும் பழுப்பாகவும் சாயமேற்றக் கொண்டுவந்தது. சாயத்தில் முக்குவதற்கு முன் காலர் பட்டைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். பட்டையோடு முக்கினால் அடியில் சாயம் ஏறாது. அதற்குச் சின்ன விரல்கள் தேவைப்பட்டன. ஒட்டீலியிடம் அவை இருந்தன.

அப்பாவின் சவர பிளேடில் பாதியை ஒரு கட்டையில் செருகிக்கொண்டு அவள் மூட்டை மூட்டையாகக் காலர் பிரித்தாள். தொழிற்சாலையில் காலரைக் கோட்டோடு இணைப்பதற்கு முன்பே பட்டையை மெஷினில் தைத்துவிடுவார்கள். அதனால் தையல் மேல் துணியோடு நின்றுவிடும், அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். பிற்பாடு படைப் பிரிவின் தையல்காரன் கையால் தைத்தது என்றால் நூல் அடிவரை வந்து முடிச்சு போட்டு உட்கார்ந்திருக்கும். நல்ல கெட்டிக் கம்பளியில், கரும்பச்சைக் காலரில், அதே பச்சைத் துண்டின் மேல் வெள்ளி மினுங்கும் இரட்டைக் கோடு நெய்து வந்தவை பழைய கோட்டுகள். கோடுகளின் நடுவே படைக்குத் தகுந்த நிறம் ஓடும். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு. போருக்குச் சற்று முன்பே அந்த நிறமெல்லாம் போய் எல்லோருக்கும் ஒரே பச்சை ஆனது. போர் நடக்க நடக்கப் பச்சைத் துண்டும் போயிற்று. எலிச் சாம்பல் நிறத்தில் வெறும் இரட்டைக் கோட்டை நேராகக் காலரிலேயே தைத்துவிட்டார்கள். இந்த வரிசையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய கோட்டின் கம்பளி சாயத்தை நன்றாகக் குடித்தது. கடைசி வருடத்துக் கோட்டு கந்தலையும் கலந்து நெய்தது, கொப்பரையிலேயே நூல் நூலாகப் போயிற்று. எந்தப் பட்டை எந்தத் துணியோடு வந்தது என்று விரல்களே வரிசைப்படுத்திக்கொண்டன.

வளர்ந்த பிறகு அர்னுல்ஃப் என்கிற நிலக்கரி வண்டிக்காரனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷன், ஆனால் நிலக்கரி அவன் நெஞ்சைத் தின்றுவிட்டது. அவன் படுக்கையில் இருந்தபோது ஒட்டீலி கைவண்டி தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் பழந்துணி எடுத்தாள். பிறகு ஆட்கள் ராணுவக் கோட்டு இருக்கிறதா என்று தேடி வர ஆரம்பித்தார்கள். மற்ற பழந்துணிக்காரிகள் எடைக்கு விற்றார்கள். இவள் காலரைப் பார்த்து விற்றாள். அர்னுல்ஃப் செத்த பிறகு அந்தக் காசில் ஒரு வீடு கட்டினாள், மாடியில் இரண்டு அறை, ஓட்டுக்கூரை. அதைக் கடந்து போகும்போது சுட்டிக் காட்டி, "கடன் இல்லை, கணவன் இல்லை, காலர் பார்த்துக் கட்டினது" என்று சொல்வாள்.

ஹோல்ட்ஸ்பாக் என்ற சிற்றூரின் துப்பாக்கிச் சங்கக் கூடத்தில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு பழைய ராணுவப் பொருள் சந்தை கூடும். அங்கே வாசலுக்கு நேர் எதிரே இருந்த மேசை ஒட்டீலியுடையது. அவளுடைய சாப்பாடு, கரண்ட் பில், ஓடு மாற்றுகிற செலவு எல்லாம் அந்த மேசையிலிருந்துதான் வந்தன. மற்றவர்களைப் போல அவளும் கழுகுச் சின்னங்களில் இருக்கிற நாஜிகளின் வளைந்த சிலுவையின் மேல், அதை வெளியில் காட்டக் கூடாது என்கிற சட்டத்துக்குப் பயந்து சின்னக் காகிதத் துண்டு ஒட்டுவாள். அதோடு சரி. வேறு எவனுக்கும் அவள் பயந்ததில்லை.

சந்தைக் குழுவின் தலைவர் ஃபோல்க்மார் டீட்ஷ். குளியலறை ஓடு வியாபாரி, கையில் எப்போதும் நல்ல சோப்பு வாசனை. போலிச் சாமான் பெருகிவிட்டது என்று அவர் ஓர் ஊதா விளக்கு வாங்கிவந்து விதி ஒன்று போட்டார். இந்தக் காலத்து நூல் அந்த விளக்கில் நீல வெள்ளையாக மின்னும், பழைய நூல் மின்னாது. ஆகவே காலர் பட்டையின் தையல் மின்னினால் கோட்டுக்குச் சிவப்பு வில்லை ஒட்டப்படும், அது போலி. வில்லை விழுந்த கோட்டை உடனே மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்க மறுப்பவர் மேசையையே இழப்பார், அன்றைக்கு மட்டுமல்ல, இனி என்றைக்கும்.

அந்த வசந்த காலத்து ஞாயிறன்று ஒட்டீலி கொண்டுவந்திருந்த கோட்டைப் பார்த்து பக்கத்து மேசைக்காரன் எகானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எகான் ஹெல்மெட்டும் தண்ணீர்க் குடுவையும் விற்பவன். இருபது வருடமாக இருவரும் ஒரே ஃப்ளாஸ்கில் காப்பி குடிக்கிறார்கள்.

"என்ன கிழவி, கண்ணாடி போடாம வாங்கிட்டியா? இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் எலி."

உண்மைதான். பழைய கரும்பச்சைக் காலர். இடப்பக்கம் பச்சைத் துண்டின் மேல் பழைய பட்டை, மெஷின் தையல். வலப்பக்கம் பிந்தைய சாம்பல் கோடு, கைத்தையல். அதைச் சுற்றிப் பழைய துண்டு இருந்த இடத்தில் ஊசி ஓட்டைகள் சதுரமாக நின்றன.

"கண்ணாடி போட்டுத்தான் வாங்கினேன். நீதான் கழட்டிட்டுப் பார்க்கிற" என்றாள் ஒட்டீலி.

கோட்டு ஸீபெர்ட் என்ற விதவையின் அலமாரியிலிருந்து வந்தது. அந்த அம்மாளின் கணவர் போர் முழுவதும் அதையே போட்டிருந்தார். எங்கோ ஒரு முள்வேலியில் வலப் பட்டை கிழிந்துபோக, பிரிவுத் தையல்காரன் கையில் அன்றைக்கு என்ன இருந்ததோ அதை ஒட்டிவிட்டான். ஊசி ஓட்டைச் சதுரத்துக்கு உள்ளேயும் துணி வெயிலில் வெளுத்திருந்தது, ஓரத்தில் கழுத்து வியர்வைக் கறை பழைய துணியிலும் சாம்பல் கோட்டிலும் ஒரே வளைவாகப் பாய்ந்திருந்தது. போன வருடம் மாற்றின பட்டை என்றால் அந்தச் சதுரம் புதுத்துணி மாதிரி இருக்க வேண்டும். ராணுவம் என்ன கடையா, ஜோடி பார்த்துத் தர. ஒட்டீலி ஓர் அட்டையில், 'அசல், போருக்குப் பிறகு ஒரு தையலும் தொடப்படவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கோட்டின் மேல் குத்தி, முன்னால் தொங்கவிட்டாள்.

ஃபோல்க்மார் இரண்டு குழு ஆட்களோடு வந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, விளக்கை வலப் பட்டையில் பிடித்தார். துணியை விலக்கியபோது அவர் முகத்தில் வருத்தம் மாதிரி ஒன்று இருந்தது. சிவப்பு வில்லையை எடுத்து ஒட்டீலி எழுதின அட்டையின் மேலேயே ஒட்டினார்.

"நூல் பளபளன்னு மின்னுது, க்ராமர் அம்மா. எடுத்து மேசைக்கு அடியில வெச்சுடுங்க. உங்க வயசுக்கு மரியாதை கொடுத்துதான் மெதுவா சொல்றேன்."

"என் வயசை நான் விக்கக் கொண்டுவரலை, தம்பி. கோட்டைத்தான் கொண்டுவந்தேன்."

சொல்லிக்கொண்டே வில்லையை நகத்தால் உரித்து அவருடைய சட்டைப் பையிலேயே போட்டாள். குழு ஆட்களில் ஒருவன் விதியை ஞாபகப்படுத்தினான்: எடுக்கவில்லை என்றால் மேசை போய்விடும். ஒட்டீலி தன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசை போகட்டும், கோட்டு போகாது என்றாள். பிறகு ஃபோல்க்மாரைப் பார்த்து, விளக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிற அவசரம் என்ன, இடப் பக்கத்துக்கும் பிடி என்றாள்.

அவர் பிடித்தார். இடப் பட்டையின் மெஷின் தையலும் மின்னியது. பட்டன் ஓட்டைக்குப் பிடிக்கச் சொன்னாள். அதுவும் மின்னியது. உள்பைக்கு, அக்குளுக்கு, முதுகுத் தையலுக்கு. கறுப்புத் துணிக்குள் கோட்டு முழுவதும் கோடு கோடாக நீல வெள்ளையில் எரிந்தது.

"அப்போ முழுக் கோட்டையும் நேத்து ராத்திரி நான்தான் தைச்சேனா? நல்ல கைதான் எனக்கு" என்றாள் ஒட்டீலி.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. விஷயத்தை விளக்கினாள், யாரும் கேட்காமலே. ஸீபெர்ட் அம்மாள் கணவர் செத்த பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கோட்டைத் தொட்டியில் போட்டு அலசினாள். வெள்ளைக்கு மேல் வெள்ளை என்று விளம்பரம் பண்ணுகிற சலவைத் தூளில் அலசினாள். அந்தத் தூளில் இருக்கிற சங்கதிதான் விளக்கில் மின்னுகிறது. பழைய நூலும் மின்னும், உங்கள் உள்ளாடையும் மின்னும். நூலின் வயதை விளக்கு சொல்லாது, எந்தச் சோப்பு என்பதைத்தான் சொல்லும்.

ஃபோல்க்மாருடைய காது சிவந்துவிட்டது. துவைத்தது என்பது நீங்கள் சொல்கிற கதை, என் கண்ணுக்குத் தெரிவது மின்னுகிற நூல், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்.

"எல்லாருக்கும் ஒண்ணுன்னா, உன் மேசைக்கும் வா" என்றாள் ஒட்டீலி, எழுந்துகொண்டே.

அவர் தயங்கினார். எகான்தான் பின்னாலிருந்து, தலைவருடைய கோட்டு விளக்கில் மின்னாமல் கறுப்பாகத்தானே இருக்கும், எங்களுக்கும் காட்டுங்கள், நாங்களும் கற்றுக்கொள்கிறோம் என்று இழுத்தான். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கூட்டம் மொத்தமும் கூடத்தின் மறுகோடிக்கு நகர்ந்தது.

அங்கே உடல் பொம்மை ஒன்றின் மேல் ஃபோல்க்மாருடைய பெருமை நின்றது. பீரங்கிப் படைக் கோட்டு, கரும்பச்சைக் காலர், இரு பக்கமும் சிவப்பு ஓடும் வெள்ளிப் பட்டை. இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே உயரம், ஒரே சாய்வு. போருக்கு முந்தைய அணிவகுப்பிலிருந்து நேராக நடந்து வந்த மாதிரி. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அதை முன்னால் நிறுத்துவார்.

கறுப்புத் துணியைப் போர்த்தி விளக்கைப் பிடித்தார். பட்டைகள் இருட்டாக இருந்தன. ஒரு தையல்கூட மின்னவில்லை. அவர் மூச்சை விட்டார். குழு ஆட்கள் தலையாட்டினார்கள். அதுதான் அசல் என்றான் ஒருவன்.

"விளக்கை அணைக்காதே. கொஞ்சம் கீழே கொண்டா" என்றாள் ஒட்டீலி.

அந்தச் சந்தையில் யாரும் அதற்கு முன் விளக்கைக் கீழே கொண்டுபோனதில்லை. விலை காலரிலும் தோளிலும் நெஞ்சிலும்தான் இருக்கிறது; பட்டன் ஓட்டையை யார் பார்ப்பார்கள். அன்றைக்குப் பார்த்தார்கள். பட்டன் ஓட்டைகள் ஐந்தும் மின்னின. பை மூடிகள் மின்னின. உள்துணித் தையல் மேலிருந்து கீழ்வரை நீலக் கோடாக ஓடியது. காலரின் விளிம்பும் மின்னியது, இரு முனையிலும் இரண்டு விரல் நீளத்தைத் தவிர. அந்த இரண்டு விரல் நீளமும், இரண்டு பட்டைகளும் மட்டும் எரிகிற கோட்டில் கரிப்பொட்டு மாதிரி இருட்டாக நின்றன.

ஒட்டீலி குரலை உயர்த்தவில்லை.

"கோட்டு குளிச்சிருக்கு. பட்டை குளிக்கலை. ஏன் தம்பி?"

அந்த மின்னுகிற சலவைத் தூள் வந்தது போர் முடிந்து சில வருடம் கழித்து. அந்தக் கோட்டு அதில் குளித்த பிறகுதான் பட்டை ஏறியிருக்கிறது. அடிப்பக்கம் தையல் தெரியக்கூடாது என்று காலர் விளிம்பை இரண்டு விரல் நீளம் பிரித்து, உள்ளே கை விட்டு, வேறு எதிலிருந்தோ உருவின பழைய நூலால் தைத்து மூடியிருக்கிறார்கள். கெட்டிக்கார வேலை. ஒட்டீலி அதை மனதுக்குள் மெச்சக்கூடச் செய்தாள். ஆனால் தைத்த பிறகு கோட்டை மறுபடி அந்தத் தூளில் துவைக்க மறந்துவிட்டார்கள்.

ஃபோல்க்மார் அவளைச் சாஸேஜ் விற்கிற ஜன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். கடுகு வாசனையும் உருளைக்கிழங்கு சாலட் வாசனையும் வந்துகொண்டிருந்தன. குரலைத் தாழ்த்திப் பேசினார். வாங்கும்போது அந்தக் கோட்டில் சாம்பல் கோடுதான் இருந்தது, பார்க்க நன்றாக இல்லை, சின்னத் திருத்தம், எல்லோரும் செய்வதுதான். விளக்கு பெட்டிக்குள் போகட்டும். உங்கள் மேசை உங்களுக்கு, என் பொம்மை எனக்கு. இதைப் பற்றி இரண்டு பேரும் இனிப் பேச வேண்டாம்.

இதற்குத்தான் ஒட்டீலி குரலை உயர்த்தினாள். சாஸேஜ் திருப்பிக்கொண்டிருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"திருத்தமா? அந்தப் பசங்க கடைசியில போட்டிருந்ததை இந்தக் கையால பிரிச்சிருக்கேன் நான். பாதிப் பேருக்கு ஜோடி இல்லை. பாதிப் பேன், பாதி ரத்தம். எங்கம்மா சாயத்துல முக்கறதுக்கு முன்னால கொதிதண்ணியில போடுவா. நீ அதுல வெள்ளிப் பட்டை வெச்சு அவங்களைக் கல்யாண மாப்பிள்ளை ஆக்குற. தோத்து வந்தவனுங்களைத் தோத்த மாதிரியே விட்டு வையேன்."

ஃபோல்க்மார் அவளுடைய கையைப் பிடிக்கப் பார்த்தார். அவள் விலகினாள். பையில் இருக்கிற வில்லையை எடுத்து உன் கையாலேயே உன் கோட்டில் ஒட்டு, அப்புறம் விதியைப் பற்றிப் பேசலாம் என்றாள். அவர் ஒட்டவில்லை. திரும்பிப் போய், கார் டிக்கியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து பொம்மையின் மேல் போர்த்தினார். விளக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் குழு ஆள் ஒருவன் வந்து, அவளுடைய மேசை அவளுக்கே, கோட்டும் தொங்கலாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஜெயித்தாயிற்று. ஆனால் யாரும் கை குலுக்க வரவில்லை. கூடம் முழுவதும் ஒரு சலசலப்பு ஓடிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர்கள் ஒவ்வொரு மேசையிலும் பட்டன் ஓட்டையைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வியாபாரிகள் தங்கள் கோட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். கிழவி சந்தையையே கெடுத்துவிட்டாள் என்று ஒருவன் அவள் காதில் விழும்படியே சொன்னான். இவளுக்கு இந்த வயதில் என்ன வீம்பு என்றான் இன்னொருவன். வலது பக்கத்து மேசைக்காரன் தன் மேசையை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனான்.

கொஞ்ச நேரத்தில் எகானும் ஹெல்மெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்க ஆரம்பித்தான். ஃப்ளாஸ்க்கை மட்டும் அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

"கோவிச்சுக்காதே ஒட்டீலி. உன் பக்கத்துல நின்னா என் மேசையையும் நோண்டுவானுங்க. என்கிட்டயும் ரெண்டு இருக்கு, அந்த மாதிரி."

"மூணு" என்றாள் ஒட்டீலி. "வாங்கின அன்னிக்கே எனக்குத் தெரியும்."

எகான் மேசையைத் தூக்கினான்.

இரண்டு பக்கமும் காலியாகிவிட்டது. ஒட்டீலி நடுவில் முக்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது பார்த்தால் நேராகத் திருப்பிப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தியவர்கள் அவர்கள்தான். அவள் எழுந்து போவாள் என்று கூடம் எதிர்பார்த்தது. எழுந்தாள். கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, காலரை இன்னும் நன்றாக விரித்து, பச்சையும் சாம்பலும் வாசலிலிருந்தே தெரிகிற மாதிரி மேலே ஒரு கம்பியில் மாட்டினாள்.

ஓர் இளைஞன் வந்து வெகுநேரம் அதைப் பார்த்தான். நல்ல கம்பளி உடுப்பு போட்டிருந்தான், காலணியிலும் காசு தெரிந்தது. கோட்டு பிடித்திருக்கிறது, என்ன கேட்டாலும் தருகிறேன், வலப் பக்கத்தை மட்டும் இடப் பக்கம் மாதிரி மாற்றித் தர முடியுமா என்று கேட்டான்.

"முடியாது" என்றாள்.

அப்படியே வாங்கிப் போய் வேறு யாரிடமாவது மாற்றிக்கொள்கிறேன் என்றான்.

"அப்போ உனக்கு இல்லை. அடுத்த ஆளுக்கு வழி விடு."

அவனுக்குப் பின்னால் அடுத்த ஆள் யாரும் நின்றிருக்கவில்லை. அவன் போன பிறகு ஒட்டீலி எகான் விட்டுப்போன வெற்றிடத்தைக் கண்ணால் அளந்தாள். மேசை மேல் இடமில்லாமல் வருடக்கணக்காகக் காரிலேயே கிடந்த பெட்டிகள் ஞாபகம் வந்தன. ஒன்றை எடுத்து வந்து பிரித்தாள். இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை போட்டுப் பழைய கோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்பினாள், எல்லாவற்றின் காலரும் மேலே தெரிய.